கட்டை கட்டிய பிறகு எடுத்த முகங்கள்

வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் பாரத விழா. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே திரௌபதி அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் பிரசங்கம் கேட்டது. பகலில் பாரதம் சொல்வார்கள், இரவில் அதே கதை தெருக்கூத்தாக நடக்கும். வட மாவட்டங்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை ஊர் ஊராக இதுதான். நான் போனது கூத்துக்காரர்களின் முகங்களைப் படம் எடுக்க.

இருட்டியதும் கோயிலை ஒட்டிய கொட்டகையில் ஜமா, அதாவது கூத்துக் குழு, பாய் விரித்து உட்கார்ந்தது. ஆளுக்கொரு கைக்கண்ணாடி. அவரவர் முகத்துக்கு அவரவரே அரிதாரம் பூசிக்கொள்கிறார்கள். வண்ணப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் உள்ளங்கையிலேயே குழைத்து, ஈர்க்குச்சியால் முத்துவெள்ளை என்ற வெள்ளைச் சாயத்தில் புள்ளிகளை வரிசையாக வைக்கிறார்கள். துரியோதனன் வேடம் கட்டும் வாத்தியாருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். ஆனாலும் கை நடுங்கவில்லை. பாதி முகம் சிவந்திருந்தபோது கேமராவைத் தூக்கினேன்.

“கட்டை கட்டுன பெறகு எடு தம்பி. ஊட்ல மாட்டணும்.”

கட்டை என்றால் வேடத்துக்குக் கட்டும் மர அணிகள். கேமராவைக் கீழே வைத்துவிட்டேன். பாதி பூசிய முகம்தான் புகைப்படக்காரர்களுக்குப் பிடித்த படம். கண்காட்சிகளில் அதைத்தான் அதிகம் பார்க்கிறோம். வேடம் கட்டுகிறவருக்கோ அது இன்னும் முடிந்திராத வேலை. தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகு, அதை மீறி எடுக்கிற படம் எத்தனை அழகாக வந்தாலும் எனக்கு வேண்டாம்.

காத்திருந்ததில் ஒன்று கிடைத்தது. கட்டை கட்டுவதை முழுசாகப் பார்த்தேன். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாமே கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. விடிய விடிய ஆட வேண்டுமே, அதனால்தான் இந்த லேசான மரம். மேலே ஜிகினாத் தாளும் கண்ணாடிச் சில்லுகளும். ஒருவர் முதுகுப் பக்கம் நின்று கயிற்றை இழுத்து முடிய, வாத்தியாரின் தோள் அகன்றுகொண்டே போனது. சலங்கையைக் கண்ணில் ஒற்றிக் கட்டிக்கொண்டு எழுந்தவர், “இப்ப எடு” என்றார். 50 எம்எம் லென்ஸ், ஒற்றை விளக்கு. அந்த நிமிர்வை நான் சொல்லி வரவழைத்திருக்க முடியாது.

கூத்து ஆடும் களரியில் வெளிச்சம் வேறு தொல்லை. பெட்ரோமாக்ஸ் போய் எல்லா இடத்திலும் டியூப் லைட்டும் மலிவான எல்இடியும்தான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இவை நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு ஏற்றினால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழும். 1/100இல் நிறுத்தினால் பட்டை மறையும், ஆனால் கிறுகிறுவென்று சுற்றும் ஆள் கலங்கிப்போவார். சுற்றி முடித்து, அடுத்த அடி எடுக்க மூச்சு வாங்கும் அந்தக் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஒயிட் பேலன்ஸை முகத்தின் முத்துவெள்ளையை வைத்தே சரிசெய்தேன். துரியோதனனின் சிவப்பு ஆரஞ்சாக மாறினால் அது வேறு யாரோ.

துரியோதனன் வீழும் நாளான படுகளத்தன்று காலை, திடலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடந்தான். தலையிலிருந்து கால்வரை நடக்கவே நேரமாகிறது, அவ்வளவு பெரிய உருவம். இரவெல்லாம் ஆடிய வாத்தியார் அதே வேடத்தில் மண்ணுருவைச் சுற்றி ஓட, பீமன் துரத்தினான். தொடையில் அடி விழுந்ததும் திரௌபதி கூந்தல் முடித்தாள். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள், சிலர் மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். அழுகிற முகங்களை நான் எடுக்கவில்லை. மண் முடிந்த கைகளைக் கேட்டுக்கொண்டு எடுத்தேன். ஒரு பாட்டி, “முகத்தையும் சேத்து எடு கண்ணு” என்று சொல்லி நேராக நின்றார்.

வாத்தியாருக்கு 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் கிரீடத்தைப் பார்த்தார். பிறகு இடது கன்னத்தில் ஒரு புள்ளி வரிசை விலகியிருப்பதைக் காட்டி, அடுத்த கூத்துக்கு வந்து இன்னொன்று எடுக்கச் சொன்னார். ஆடிக்குள் போக வேண்டும்.