இயன்றவரை

அந்தச் சொல்லை நீக்கியது நான்தான். மன்னாரில் இல்மனைற் என்ற பாரமான கனிமத்துக்காக மணல் அகழும் திட்டம்; அதன் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தமிழாக்கும் வேலை என்னுடையது. அகழ்ந்த நிலம் ‘இயன்றவரை’ முன்னைய நிலைக்குக் கொண்டுவரப்படும் என்பதுதான் ஆங்கில வரைவில் இருந்தது. தமிழில் வாசிக்கத் தடக்கியது. மன்னார்ச் சனத்துக்கு லேசாக விளங்கட்டும் என்று ‘நிலம் பழைய நிலைக்கே திரும்பும்’ என்று எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளின் தமிழைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெருமை விளங்கும்.

அறிக்கைமேல் பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்கும் 30 நாள் முடியமுதல் மன்னாரிலிருந்து நாலு பேர் கொழும்பில் எங்கள் பம்பலப்பிட்டிக் கந்தோருக்கே வந்துவிட்டார்கள். மூத்தவர் அந்த வரியில் விரலை வைத்தார்.

“தம்பி, பழைய நிலைக்கே திரும்பும் எண்டு போட்டிருக்கு. கப்பலில ஏத்திற மண்ணுக்குப் பதிலா என்னத்தைப் போடுவீங்கள்?”

“அதைக் கவனத்தில் எடுத்திருக்கிறம், ஐயா” என்றேன்.

எடுத்திருந்தோமா? பின்னிணைப்பில் ஒரு வரி இருந்தது, சரி. ஆனால் நான் அதை நினைத்துச் சொல்லவில்லை. வாய் பழகிய பதில்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணலில் நிறைப்படி 10 வீதம் இல்மனைற் என்று வைத்தால், அது சாதாரண மணலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பாரம் என்பதால் கனவளவில் 6 வீதத்துக்குக் கிட்டத்தான் குறையும். பத்தடிக் குழியில் ஏழு அங்குலம். அவ்வளவுதானே என்று முதலில் ஆறுதல். அப்புறம்தான் உறைத்தது: கிளறிய மண் முதலில் பொங்கி நிற்கும், மாரி பெய்யப் பெய்ய அமரும். நிரப்பிய கையோடு படம் எடுத்தால் பள்ளமே தெரியாது. மன்னார்த் தீவிலோ கிணற்று நன்னீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் குறைந்தால் கீழே நாற்பதடி நன்னீர் இல்லாமல் போகும் என்பது நாங்கள் படித்த பாடம். ஏழு அங்குலம் அங்கே சின்னக் கணக்கா?

நான் வேலையை வெறுப்பவன் அல்ல. மேல்மண்ணைத் தனியே ஒதுக்குவது, கீலம் கீலமாக அகழ்ந்து பின்னாலேயே நிரப்புவது, இரசாயனம் இல்லாமல் தண்ணீரையும் பாரத்தையும் வைத்தே கனிமத்தைப் பிரிப்பது, இவையெல்லாம் பாதிப்பைக் குறைக்கும் என்று இப்போதும் நம்புகிறேன். குறைக்கும். பழைய நிலைக்கே கொண்டுவராது. அந்த ‘ஏ’காரம் நான் போட்டது.

மேலாளரிடம் சொன்னேன். “பிழையைத் திருத்துங்கோ, அவ்வளவுதான்” என்றார். இறுதிப் பிரதியில் ‘இயன்றவரை’ திரும்பி வந்தது. மொழிபெயர்ப்பாளனாக அது சரி. ஆனால் என் பிழையான வரி இருந்திருந்தால் நாளைக்கு அந்த ஐயா அதைக் காட்டி “சொன்னீங்கள்தானே” என்று நியாயம் கேட்டிருக்கலாம். சரியான வரியைக் காட்டி என்ன கேட்பார்? எவ்வளவு இயன்றது என்று அகழ்ந்தவர்கள்தானே சொல்வார்கள். பொய்யாய் எழுதியது அவருக்கு உதவியிருக்குமோ என்று யோசிக்கிறேன். அப்படி யோசிப்பதே என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தானோ என்றும் படுகிறது.

திருத்திய பிரதி வந்ததும் அனுப்பச் சொல்லி அந்த ஐயா முகவரி எழுதித் தந்திருந்தார். துண்டு இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.