லீஸ்டு லைன் அறுந்ததும் விபிஎன் தானாக எடுத்துக்கொள்ள: வேலூர் – ராணிப்பேட்டை இணைப்பில் செய்தவை

வேலூரில் தலைமை அலுவலகம், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் தொழிற்சாலை. நடுவில் 20 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன், அதாவது இந்த இரண்டு இடத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு. டாலி, வருகைப் பதிவு, ஸ்டோர் கணக்கு எல்லாம் வேலூர் சர்வரில். சாலையோரம் ஜேசிபி ஓர் இடத்தில் ஆழமாகத் தோண்டினால் போதும், சலான் போட முடியாமல் லாரி கேட்டிலேயே நின்றுவிடும். அதனால் இரு பக்கமும் பிராட்பேண்ட் எடுத்து, அதன்மேல் விபிஎன் டனல் (இன்டர்நெட் வழியாகப் பூட்டிய தனிப்பாதை) போட்டு, லைன் போனால் ஆள் கை வைக்காமல் மாறும்படி அமைத்தோம். இதில் டனல் போடுவது சின்ன வேலை. லைன் செத்துவிட்டது என்பதை ரவுட்டருக்குப் புரியவைப்பதுதான் பெரிய வேலை.

ஃபைபர் வந்து முடிவது மீடியா கன்வெர்ட்டரில், அதாவது ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் சின்னப் பெட்டியில். அங்கிருந்து ரவுட்டருக்குப் போவது சாதாரண லேன் கேபிள். ரத்தினகிரி பக்கம் ஃபைபர் அறுந்தாலும் அந்த லேன் போர்ட்டின் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். ரவுட்டரைப் பொறுத்தவரை இன்டர்ஃபேஸ் அப். ஆகவே லீஸ்டு லைனுக்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிவைத்த வழி), விபிஎன்னுக்கு 250 டிஸ்டன்ஸில் (எண் பெரிதானால் முன்னுரிமை குறைவு) இன்னொன்று என்று போட்டுவைத்தால், இரண்டாவது ரூட் மேலே வரவே வராது. பாக்கெட்டெல்லாம் அறுந்த ஃபைபரை நோக்கியே போய்த் தொலையும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. எதிர்முனைக்கு விடாமல் பிங் அனுப்பி, பதில் நின்றால் ரூட்டை எடுத்துவிடுவது ஒன்று. சின்ன ரவுட்டருக்கு அது போதும். ஆனால் அந்த பிங் லீஸ்டு லைன் வழியாக மட்டுமே போகும்படி கட்டிப்போட வேண்டும். இல்லாவிட்டால் மாறிய பிறகு பிங் விபிஎன் வழியாகப் போய் வெற்றி என்று சொல்லும், ரூட் பழைய லைனுக்குத் திரும்பும், மறுபடி விழும். இந்த ஊசலாட்டம் ஓயவே ஓயாது.

நாங்கள் எடுத்தது இரண்டாவது வழி: இரண்டு பாதையிலும் பிஜிபி, அதாவது ரவுட்டர்கள் தங்கள் பக்க நெட்வொர்க்குகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை. வேலூருக்கு 65001, ராணிப்பேட்டைக்கு 65002 என்று பிரைவேட் ஏஎஸ் எண்கள் (பிஜிபியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ள அடையாள எண்). லீஸ்டு லைனில் வரும் ரூட்டுக்கு லோக்கல் பிரிஃபரன்ஸ் 200, டனலில் வருவதற்கு வழக்கமான 100. பெரிய எண்தான் ஜெயிக்கும். இதை இரண்டு ரவுட்டரிலும் செய்தாக வேண்டும். ஒன்றில் மட்டும் செய்தால் போகும் வழி ஒன்று, திரும்பும் வழி ஒன்றாகி, நடுவில் உள்ள ஃபயர்வால் பாதி செஷனை வெட்டிவிடும். இரண்டு பாதையிலும் ஒரே நீளப் பிரிஃபிக்ஸைத்தான் (முகவரித் தொகுதி) அறிவிக்க வேண்டும் என்பதும் முக்கியம். டனலில் /24, லைனில் /16 என்று போனால் பிரிஃபரன்ஸ் எத்தனை வைத்தாலும் சின்னத் தொகுதியான /24தான் ஜெயிக்கும்.

பிஜிபியின் ஹோல்டு டைம் (எதிர்முனை பேசாவிட்டால் செத்தது என்று முடிவுகட்டக் காத்திருக்கும் நேரம்) பல ரவுட்டர்களில் 180 விநாடி. மூன்று நிமிடம் ஸ்க்ரீன் உறைந்து நின்றால் ஸ்டோரில் யாரும் பொறுக்க மாட்டார்கள். எனவே கூடவே பிஎஃப்டி ஓடுகிறது, அதாவது பாதை உயிரோடு இருக்கிறதா என்று சின்னச் செய்தி அனுப்பி விடாமல் பார்க்கும் முறை. 300 மில்லி விநாடிக்கு ஒன்று, மூன்று தவறினால் லைன் டவுன் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. சின்னத் தடுமாற்றத்துக்கெல்லாம் மாறிக்கொண்டிருக்கும் என்பதால், எங்கள் லைனுக்கு 1 விநாடி, மூன்று முறை என்று வைத்தோம். மூன்று விநாடியில் மாறிவிடுகிறது, திறந்திருக்கும் செஷனும் பிழைக்கிறது.

டனல் ஐபிசெக் வகை, இரு முனையும் சாவி பேசிக்கொள்வது ஐகேஇவி2 முறையில், ரூட் அடிப்படையிலானது, எப்போதும் உயிரோடு இருப்பது. லைன் போன பிறகு புதிதாகக் கூப்பிட்டு எழுப்புகிற டனல் வேண்டாம். ராணிப்பேட்டை பிராட்பேண்ட் சிஜிநாட்டுக்குப் (பல வாடிக்கையாளர் ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருப்பதால் அங்கிருந்துதான் அழைப்பு தொடங்க வேண்டும். வேலூரில் ஸ்டாட்டிக் ஐபி வாங்கி, யூடிபி 500, 4500 இரண்டையும் திறந்துவைத்தோம்.

பலர் கவனிக்காத கண்ணி ஒன்று இங்கே இருக்கிறது. தொழிற்சாலையின் டீஃபால்ட் ரூட் வேலூர் வழியாக இருந்தால், விபிஎன் பாக்கெட்டுகளும் லீஸ்டு லைனில் ஏறித்தான் வேலூர் போய்ச் சேரும். டனல் அப் என்று காட்டும். லைன் அறுந்த அதே நொடியில் டனலும் சாகும். வேலூர் ஸ்டாட்டிக் ஐபிக்கு மட்டும் பிராட்பேண்ட் கேட்வே வழியாக /32 ரூட் (ஒரே ஒரு முகவரிக்கான வழி) ஒன்று போட்டு, ட்ரேஸ்ரூட்டில் முதல் ஹாப் எது என்று பார்த்துவிடுங்கள்.

மாறிய பிறகு “சார், லாகின் ஆகுது, ரிப்போர்ட் மட்டும் வரமாட்டேங்குது” என்று போன் வந்தால் எம்டியூவை (ஒரு பாதையில் நுழையக்கூடிய பெரிய பாக்கெட்டின் அளவு) பாருங்கள். ஐபிசெக் தலைப்புகள் இடத்தைத் தின்பதால் 1500 பைட் பாக்கெட் டனலில் நுழையாது. டனல் எம்டியூ 1400, டிசிபி எம்எஸ்எஸ் (தலைப்பு நீங்கலாக ஒரு பாக்கெட்டில் போகும் தரவு) 1360 என்று வைத்தோம். துண்டாக்கக் கூடாது என்ற கொடியுடன் 1372 பைட் பிங் போக வேண்டும், 1373 போகக் கூடாது.

சிசிடிவி நெட்வொர்க்கை டனலில் அறிவிக்கவில்லை. பிராட்பேண்டின் அப்லோடை அதுவே விழுங்கிவிடும்.

சோதனைக்கு ரவுட்டரிலிருந்து லேன் கேபிளைப் பிடுங்காதீர்கள். இன்டர்ஃபேஸ் உடனே டவுன் ஆகி, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். மீடியா கன்வெர்ட்டரின் ஃபைபர் பேட்ச் கார்டை, எதிர்முனையில், வேலை நேரத்துக்குப் பின் கழற்றிப் பாருங்கள். பிறகு திரும்ப மாட்டி, பழைய லைனுக்கு ஒழுங்காக வருகிறதா என்றும் பாருங்கள். இரண்டு லைனும் ஒரே கம்பத்தில் வருகிறதா என்பதை வெளியே போய்க் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. கன்வெர்ட்டர், ஓஎன்டி (பிராட்பேண்ட் ஃபைபர் வந்து முடியும் பெட்டி), ரவுட்டர் மூன்றும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

ஃபெயில்ஓவர் நன்றாக வேலை செய்தால் லைன் போனதே யாருக்கும் தெரியாது. அதனால் பிஎஃப்டி டவுன் ஆனதும் மொபைலுக்குச் செய்தி வரும்படி வைத்திருக்கிறோம், வந்தவுடன் லைன் கொடுத்தவரிடம் புகார் பதிவாகிவிடும். டனல் விழுந்தாலும் அதே செய்தி வரும். லைன் நன்றாக ஓடும் நாட்களில் டனல் செத்துக் கிடப்பதை வேறு எதுவும் காட்டிக்கொடுக்காது.