ஜெர்மனை விட்டுக் கொரியனை எடுத்தேன்

ஜெர்மன் மொழியைப் படி, மேற்படிப்புக்கு உதவும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கு வெளிநாடு போகும் எண்ணமே இல்லை. ஶ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. மேலதிகாரிகளில் பாதிப் பேர் கொரியர்கள். தினமும் காதில் விழும் மொழியைத்தான் படிக்கவேண்டும் என்று தோன்றியது. ஜப்பானியத்தையும் யோசித்தேன், ஆனால் அதில் காஞ்சி எனப்படும் சீன வழி எழுத்துகள் சுமார் இரண்டாயிரம், வேலைக்கு நடுவே முடியாது.

கொரிய எழுத்தோ ஒரே வாரத்தில் கைவந்தது. செஜோங் மன்னர் 1443-ல் உருவாக்கி 1446-ல் வெளியிட்ட எழுத்து அது. 'க' ஒலிக்கான எழுத்து, நாக்கின் பின்பகுதி மேலே எழும் வடிவம். 'ம'வுக்கு வாயைக் குறிக்கும் சதுரம். எவ்வளவு அழகான யோசனை!

வாக்கியமும் நம்மைப் போலவே: வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். மரியாதையும் வினையின் முடிவிலேயே தெரிந்துவிடும். வா, வாங்க என்று பழகிய நமக்கு அது புதிதா என்ன?

எண்கள்தான் படுத்துகின்றன. இரண்டு வரிசை உண்டு. மணி சொல்லக் கொரியாவின் சொந்த நாட்டு எண், நிமிடம் சொல்லச் சீன வழி எண். ஷிப்டு நேரத்தைச் சொல்வதற்குள் ஒரு முறை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அடுத்து, கொரிய மொழித் திறன் தேர்வான டோபிக்கின் முதல் நிலையை எழுதப்போகிறேன். அதில் கேட்பதும் வாசிப்பதும் மட்டும்தான். பேச்சுப் பயிற்சிக்குக் கம்பெனி கேன்டீன் இருக்கிறது.