பழைய முதன்மை சர்வருக்குத் திரும்பிய இரவு

மூன்று நாள்களாக மாற்று சர்வரில் ஓடிய எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நேற்றிரவு பழைய முதன்மை சர்வருக்கே கொண்டுவந்துவிட்டோம். முதன்மை சர்வர் விழுந்ததும் மாற்று சர்வருக்குத் தாவியது சில நொடி வேலை, திரும்புவதுதான் பெரும்பாடு. பழைய சர்வர் விழுவதற்கு முன் எழுதியும் மாற்று சர்வரைச் சென்றடையாத சில பதிவுகள் அதன் டிஸ்க்கிலேயே தங்கிவிட்டதால், இரண்டின் காலக்கோடுகளும், அதாவது மாற்றங்கள் பதிவான வரிசைகளும், பிரிந்துபோயிருந்தன. பழைய சர்வரை மாற்று சர்வரோடு ஒத்துப்போக வைக்கும் பிஜி ரீவைண்ட் என்ற கருவி அந்தப் பதிவுகளைத் துடைத்துவிடும் என்பதால், முதலில் முழு டிஸ்க்கையும் நகலெடுத்து, அதில் கிடைத்த 17 ஆர்டர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையால் சேர்த்தோம். தொடக்கத்திலேயே, தரவு சிதைந்திருக்கிறதா என்று காட்டும் செக்சம் போட்டு வைத்திருந்ததால்தான் (அன்று அதை வீண்வேலை என்று முணுமுணுத்தவன் நானே) ரீவைண்ட் ஓடவே ஒப்புக்கொண்டது. பழைய சர்வர் மாற்று சர்வரைவிடப் பின்தங்கியிருந்த அளவு பூஜ்யத்தைத் தொட்டதும், தரவுத்தளத்தில் எழுதுவதை இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டு, அதிகாலை 3 மணிக்கு மாற்றினோம்.