மீனுக்கு முள்தானே இருக்கு, டீச்சர்?

மன்னார் வளைகுடாக் கரையோரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். முதுகெலும்புள்ளவை, முதுகெலும்பற்றவை என்ற பாடத்தைத் தொடங்கி, மீன் எதில் சேரும் என்று கேட்டபோது, வகுப்பில் பாதிக்கு மேல் முதுகெலும்பற்றவை என்றே சொன்னது. "மீனுக்கு ஏது டீச்சர் எலும்பு? முள்தானே இருக்கு" என்றான் ஒரு மீனவர் வீட்டுப் பையன். கோழிக்கும் ஆட்டுக்கும் எலும்பு, மீனுக்கு மட்டும் முள் என்று பிரித்துப் பேசும் நம் வீட்டுத் தமிழே அவனை அப்படி எண்ண வைத்திருந்தது.

மறுநாள், வெந்த பாறை மீனின் நடுமுள்ளைக் கழுவி உலர்த்தி எடுத்துச் சென்றேன். துண்டு துண்டாகக் கழற்றியபோது ஒவ்வொன்றும் இருபுறமும் குழிந்து, சிறிய உடுக்கை போல இருந்தது. துண்டுகளின் மேலுள்ள வளைவுகளில் நூலைக் கோத்து, தண்டுவடம் இவ்வழியாகத்தான் செல்கிறது என்று காட்டியபின், குனிந்து நின்ற தோழனின் பிடரிக்குக் கீழே விரலால் தடவி எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

ஓடு என்ற சொல்லும் இப்படித்தான் குழப்பியது. ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் மேலோட்டோடு இணைந்தே இருப்பதால் அதைவிட்டு ஆமை வெளியேற இயலாது. நண்டோ வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிவிடும். ஓடு கழற்றிய மெத்தென்ற நண்டை வலையில் பார்த்தவர்கள் என்பதால் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள்.

என்னைத் திணறடித்தது கணவாய் ஓடுதான். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கும் அந்த வெள்ளைத் துண்டைக் கரையில் பொறுக்கிவந்த சிறுமி, "இது கணவாய்க்கு உள்ளே, முதுகுப் பக்கம்தானே இருக்கு? அப்போ முதுகெலும்பு இல்லையா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நகத்தால் கீறினாலே பொடியாகும் அதன்மீது எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினேன், நுரைத்துப் பொங்கியது. பக்கத்தில் வைத்த கோழி எலும்பில் அப்படி எதுவும் நிகழவில்லை. சிப்பியைப் போலக் கால்சியம் கார்பனேட்டால் ஆன அந்த ஓட்டின் நுண்ணறைகளில் உள்ள காற்றின் அளவை மாற்றித்தான் கணவாய் தன் மிதப்பைச் சரிசெய்துகொள்கிறது என்றும், கண்ணிகளாகத் தொடராத, தண்டுவடம் செல்லாத ஒன்று முதுகெலும்பு ஆகாது என்றும் விளக்கினேன்.

அவள் விடவில்லை. சுறாவுக்கு எலும்பே கிடையாது, வெறும் குருத்துதான் என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறாராம். குருத்தெலும்பானாலும் கண்ணி கண்ணியாகத் தொடர்ந்து தண்டுவடத்தைத் தாங்குவதால் சுறா முதுகெலும்புள்ளதே என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை சுறா வெட்டும்போது நடுத்துண்டு ஒன்றை எடுத்து வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள்.