விசாகத்தன்று பாஹியங்கல குகையில்

கொழும்பு, கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கு முதல் தடவை வருகிறவர்கள் வாசலைத் தாண்டியதும் கொஞ்சம் தடுமாறுவார்கள். வெளியே துறைமுகத்து வெயிலும் லொறிகளின் இரைச்சலும். உள்ளே கருங்கல் தூண், கருங்கல் கூரை, எண்ணெய் விளக்கு. தகப்பனார் கட்டிய கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்தார். மூலஸ்தானத்துக்குக் கிட்டப் போகப் போக இருட்டும் குளிர்ச்சியும் கூடும்.

"கருவறை எண்டதே மனிசன் கட்டின குகைதான்" என்று அண்ணா அடிக்கடி சொல்வான். முதலில் மனிதன் குகையைக் கண்டுபிடித்தான், அப்புறம் பாறையைக் குடைந்தான், கடைசியில்தான் கல்லை அடுக்கிக் கட்டினான் என்பது அவன் கட்சி. குடைந்த காலத்துக்கு அவனிடம் சாட்சி உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் மண்டகப்பட்டில் பெருமையாகவே வெட்டி வைத்திருக்கிறான். முதல் கட்டத்துக்குச் சாட்சி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கொழும்பிலிருந்து ஒரே பகலில் போய்வரலாம் என்றும் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த வருடம் வைகாசி விசாகமும் வெசாக் பூரணையும் ஒன்றாக வந்தன. விடிய முதலே கொச்சிக்கடையில் கும்பிட்டுவிட்டு, வானைப் பிடித்துப் புளத்சிங்களப் பக்கத்துப் பாஹியங்கல குகைக்குப் புறப்பட்டோம்.

ஹொரணை வரைக்கும் வீதியில் வெசாக் கூடும் கொடியுமாக நெரிசல். அதைத் தாண்டினால் இறப்பர் தோட்டங்கள். வானுக்குள் அம்மா நக்கீரர் கதையை எடுத்தார். சிவபூசையில் மனம் சிதறியவர்களைப் பிடித்துக் குகையில் அடைக்கும் பூதத்திடம் ஏற்கெனவே 999 பேர் இருந்தார்கள். திருப்பரங்குன்றத்தில் ஆயிரமாவது ஆளாக நக்கீரர் அகப்பட்டார். அவர் திருமுருகாற்றுப்படை பாட, முருகன் வேலால் பாறையைப் பிளந்து எல்லாரையும் வெளியே விட்டான். விசாகம் முருகனுக்கு உரிய நாள் என்பதால் கதை பொருத்தம்தான். "அந்த 999 பேரும் அதுவரைக்கும் என்னத்தைச் சாப்பிட்டிருப்பினம்?" என்று என் மகன் கேட்டான். அம்மாவிடம் பதில் இல்லை. ஆனால் பாஹியங்கலவில் இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதை ஆய்வாளர்கள் அச்சொட்டாகச் சொல்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

யட்டகம்பிட்டிய ஊரில் வான் நின்றது. பூவட்டி விற்ற பெண் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவள். நாங்கள் பேசியதைக் கேட்டதும் தமிழில் கூப்பிட்டாள். "அம்மா, மழை வரப்போவுது. படி வழுக்கும், கம்பியப் புடிச்சு ஏறுங்க." அம்மா அவளிடமே அலரியும் தாமரை மொட்டும் வாங்கினார். "நீங்களும் போய்க் கும்பிடுவீங்களோ பிள்ளை?" என்று கேட்டார். "மாரியம்மனுக்கு அடுத்தது இந்தச் சாமிதாம்மா" என்றாள்.

படி ஏற மூச்சு வாங்கும். முழங்கால் வருத்தக்காரர்கள் காலையிலேயே போவது நல்லது. மேலே போய் நிமிர்ந்தால், குகை என்று நாம் மனத்தில் வைத்திருக்கிற பொந்து அங்கே இல்லை. மலையின் நெற்றி முன்னுக்குத் தள்ளி நிற்க, அதன் கீழே ஒரு ஊரே மழைக்கு ஒதுங்கக்கூடிய பெரிய வாய். உள்ளே சயனக் கோலத்தில் புத்தர். வெள்ளை உடுத்த சனம், ஊதுபத்திப் புகை, சிறுவர்களின் "சாது சாது".

அம்மா புத்தூர்க்காரி. நிலாவரைக் கிணற்றைப் பார்த்து வளர்ந்தவர். இராமர் அம்பு விட்டதால் வந்த அடியில்லாக் கிணறு என்று அங்கே சொல்வார்கள். மேலே நல்ல தண்ணீர், கீழே போகப் போக உப்பு. குகையும் அப்படிக் கரைந்து வந்ததுதானோ என்று கேட்டார். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, அந்தக் கல்லைக் கரைத்துத் துவாரமும் சுரங்கமும் ஆக்கிவிடும். தென்மேற்கின் கல் வேறு இனம். பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறை, சுலபத்தில் கரையாது. அதன் வெடிப்புகளுக்குள் தண்ணீர் கசிந்து, சில கனிமங்களைக் களிமண்ணாக்கி, கீழ்ப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். மேற்பக்கம் குடைபோல் நின்றுவிடும். இலங்கையில் பேர்போன குகைகளில் அநேகம் இப்படி வந்த பாறை ஒதுக்கங்கள்தான். பாறை விழுந்த இடத்தில் மனிதன் குடியிருந்திருக்கிறான் என்று நினைத்தபோது எனக்கு ஒருமுறை மேலே பார்க்கத் தோன்றியது.

கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து 2 வருடம் தங்கிய சீனத் துறவி பாஹியன், சிவனொளிபாத மலைக்குப் போகும் வழியில் இங்கே தங்கினார் என்பது ஊர்க்கதை. பெயரும் அதனால் வந்ததாம். சான்று ஏதும் கிடைத்ததில்லை. அந்தக் கதை இல்லாமலே இந்த இடத்துக்குப் போதிய பெருமை உண்டு என்பது என் எண்ணம். ஏனென்றால் பாஹியன் வந்திருந்தாலும் அவர் நேற்று வந்த விருந்தாளி.

1980களில் தொல்லியல் திணைக்களத்தின் விஜேபால இங்கே அகழ்ந்தார். சாம்பல் படையின் மேல் சாம்பல் படையாக அடுப்பெரித்த தடங்கள் கிடைத்தன. மழைக்காட்டு மண்ணில் எலும்பு சீக்கிரம் உக்கிவிடும். கூரைக்குக் கீழே கிடந்ததால் இவை தப்பின. 2019இல் வெளிவந்த ஆய்வின்படி, சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்தவர்கள் குரங்கையும் மலை அணிலையும் வேட்டையாடித் தின்றார்கள். மகனின் கேள்விக்கு அதுதான் பதில். மரத்து உச்சியில் தாவும் விலங்கைப் பிடிக்க எவ்வளவு கெட்டித்தனம் வேண்டும்! அடுத்த வருடம் வந்த ஆய்வு அதற்கும் விடை சொன்னது. எலும்பைத் தீட்டிச் செய்த அம்புமுனைகள், 48,000 ஆண்டுப் பழமை. ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் இருந்ததற்கு அப்போது கிடைத்த ஆகப் பழைய சான்று அதுதான். கூடவே காவிக்கல் மணிகள், கடற்கரையிலிருந்து வந்த சிப்பி மணிகள். அடர்ந்த காட்டுக்குள் இருந்தவர்களுக்கும் கடற்கரையோடு கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது.

மனித எலும்புகளும் வந்தன. தென்னாசியாவில் கிடைத்த நவீன மனித எச்சங்களில் மிகப் பழையவை என்று அவற்றைச் சொல்வார்கள். அதில் குழந்தைகளுடையவையும் உண்டு. உடலை முதலில் வெளியே விட்டு, பிறகு எலும்பைப் பொறுக்கி எடுத்து அடக்கம் செய்திருக்கிறார்கள். அண்ணா இதைச் சொன்னபோது அம்மா நின்றுவிட்டார். நம் வீடுகளில் காடாத்துக்குப் போய் எலும்பு பொறுக்கி, பால் தெளித்து, கடலில் கரைப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்பாவுக்கு முகத்துவாரத்தில் செய்தோம். "அவைக்கும் தெரிஞ்சிருக்குது பாரன்" என்றார் அம்மா. தட்டில் மிச்சமிருந்த அலரியைப் புத்தர் முன்னால் வைக்காமல் பாறையோரத்தில் வைத்தார். ஒரு பிக்கு பார்த்துக்கொண்டுதான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நாட்டில் யார் முதலில் வந்தார் என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. இரண்டு பக்கத்துப் பண்டிதர்களையும் ஒரு வானில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விடவேண்டும் என்று எனக்கு ஆசை. இந்தச் சாம்பலை எரித்தவர்கள் தமிழும் பேசவில்லை, சிங்களமும் பேசவில்லை. அவர்கள் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டார்கள் என்று ஒரு எழுத்தும் சொல்லாது. பிள்ளையின் எலும்பைப் பத்திரமாக வைக்க ஒரு இடம் தேடியவர்கள், அவ்வளவுதான். எனக்கு அதுவே வழிபாடாகத்தான் படுகிறது.

எழுத்து வருவது வெகு பிந்தி. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து பிக்குகளுக்குக் குகைகளைத் தானம் செய்தவர்கள், பாறை நெற்றியில் ஒரு நீண்ட வெட்டு வெட்டினார்கள். வழிந்து வரும் மழைநீர் அந்த வெட்டில் தடைபட்டு வெளியே சொட்டிவிடும், உள்ளே நனையாது. அதன் கீழே பிராமி எழுத்தில் தானம் கொடுத்தவர் பெயர். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளத்திலும் சமண முனிவர்களின் குகைகளில் தமிழ்ப் பிராமி எழுத்தும் கற்படுக்கையும் உண்டு. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் இப்படிக் குகை கொடுத்தவன் தன்னைத் தமிழ் வணிகன் விசாகன் என்று எழுதி வைத்திருக்கிறான். வலகம்பா மன்னன் தென்னிந்தியத் தமிழ்ப் படைக்குத் தப்பி ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகைகள் நாடெங்கும் இருக்கின்றன. நம்மவர் ஒருவர் பிக்குகளுக்குக் குகை கொடுத்த செய்தி மட்டும் பாடப்புத்தகத்தில் என் கண்ணில் படவேயில்லை. விசாகத்தன்று விசாகன் கதையைக் கேட்டதில் அம்மாவுக்குத் தனிச் சந்தோஷம்.

மழை பிடித்துக்கொண்டது. குகை விளிம்பிலிருந்து தண்ணீர் திரைபோல் விழ, நாங்கள் உள்ளே நனையாமலே நின்றோம். சாதி, சமயம் பாராமல் எல்லாரும் உள்ளுக்குத் தள்ளிக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது ஹொரணைக்கு இந்தப் பக்கம், வெசாக்குக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சல் பையன்கள் வானை மறித்தார்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டச் சம்பலும். அம்மா விசாக விரதம். சம்பலில் மாசிக் கருவாடு இருக்கும் என்று தயங்கினார். ஒரு பையன் ஓடிப்போய் வெறும் தேங்காய்ப்பூ கொண்டுவந்து கொடுத்தான். அண்ணா கிழங்கைத் தின்றுகொண்டே, அடுத்தது குருவிட்டைப் பக்கம் பட்டதொம்பலென என்று தொடங்கினான். இலங்கையின் ஆதிமனிதனான பலாங்கொடை மனிதனின் எலும்பும் சிறு கற்கருவிகளும் கிடைத்த குகை அது, பி.இ.பி. தெரணியகலவும் பிறகு மகன் சிரான் தெரணியகலவும் அகழ்ந்தது.

"படி எவ்வளவு?" என்று கேட்டார் அம்மா.

"படி இல்லை, காட்டுக்குள்ளால நடக்கவேணும்."

"அப்ப அதுக்கு நீ போ. ஊருக்குப் போகேக்க என்னை அந்த விசாகன்ரை குகையில இறக்கிவிடு."