சாண்ட் பிளாஸ்டிங் வேண்டாம் என்றேன்

புதுச்சேரி கடற்கரையை ஒட்டிய அந்தப் பழைய வீட்டின் செங்கல் சுவரில் பெயிண்டை எடுக்க, மணலை வேகமாக அடித்துச் சுரண்டும் சாண்ட் பிளாஸ்டிங் கூடாது என்று நான் தடுத்ததில் தொழில்முறையாக எனக்கு இன்றும் சந்தேகமில்லை. சூளையில் வெந்து இறுகிய மேல்தோல்தான் செங்கல்லுக்குக் காப்பு. ஏழு பார் அழுத்தக் காற்றோடு மணல் வந்து மோதினால் பெயிண்டுடன் அந்தத் தோலும் போய்விடும். பிறகு உள்ளே இறங்கும் உப்பு, ஈரம் காயும்போதெல்லாம் படிகமாகி, கல்லைப் பொடியாக உதிர்க்கும். மாதிரிக்கு அடித்த மூலையில் கல்லின் விளிம்புகள் மழுங்கியிருந்தன. தடவிய விரலில் செம்பொடி ஒட்டியது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பெயிண்ட் ரிமூவர் தடவிக் கையால் சுரண்டும் வேலைக்கு, செலவு கூடும் என்று தெரிந்தே, சம்மதித்தார்.

என்னை உறுத்துவது அதற்குப் பின் நடந்த பேச்சு. மணல் பீய்ச்சும் குழாய் முனையான நாசிலைப் பிடித்தவர் முகத்தில் நனைத்த துண்டு மட்டும் கட்டியிருந்தார். அடித்ததோ சிலிக்கா நிறைந்த ஆற்று மணல். "அண்ணே, இந்தத் தூசியைத் துண்டு தடுக்காது, நுரையீரலிலேயே தங்கிவிடும்" என்றேன். ஓஸைச் சுருட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "இங்க காத்தோட்டமாவது இருந்துச்சு சார். நாளைக்குக் கடலூர்ல டேங்குக்குள்ள எறங்கணும்."

இரும்பு டேங்கில் பிளாஸ்டிங் தேவைதான். துருவை முழுதும் எடுத்துப் பரப்பைச் சொரசொரப்பாக்கினால்தான் மேல்பூச்சு பிடிக்கும். ஆனால் அதற்குச் சிலிக்கா மணல் வேண்டியதில்லை, கார்னெட் என்ற கனிமத் துகளே போதும். வெளியிலிருந்து காற்று வரும் ஹெல்மெட்டும் கடையில் கிடைக்கிறது. பிரிட்டன் இந்த வேலையில் சிலிக்கா மணலை 1950-லேயே தடைசெய்துவிட்டது. நம் 1948 தொழிற்சாலைச் சட்டமும், சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. வந்தபின் குணப்படுத்த முடியாத நோய் அது.

இவையெல்லாம் தெரிந்தும் வீட்டுக்காரரிடம் நான் செங்கல்லைப் பற்றி மட்டுமே பேசினேன். நுரையீரலைச் சொல்லியிருந்தால் வேறு கான்ட்ராக்டரைப் பார்த்திருப்பார், சுவரும் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பெரும்பாலும் உண்மையும்கூட. கடலூர் வேலை என் கையில் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் திறந்தவெளியில் கிடைத்த கூலியை நான் நிறுத்தியதால், அவர் ஒரு நாள் முன்னதாகவே அந்த டேங்குக்குள் இறங்கினாரோ என்னவோ. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அதற்குள் கம்ப்ரசர் வண்டி கிளம்பிவிட்டது, நானும் ரிமூவர் வாங்கக் கடைக்குப் போய்விட்டேன்.